நாதத்துக்குக் குலம் உண்டா?

சம்யுத்த நிகாயத்தில் புத்தர் ஓர் அரசனின் கதையைச் சொல்கிறார். வீணை ஒலியை அதுவரை கேட்டிராத அவன் முதல்முறை கேட்டதும் சொக்கிப்போகிறான். வீணையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இது வேண்டாம், அந்த ஒலியைக் கொண்டுவாருங்கள் என்கிறான். குடம், தோல், தண்டு, தந்தி, வாசிப்பவனின் முயற்சி எல்லாம் கூடினால்தான் ஒலி பிறக்கும் என்று விளக்கியும் அவன் கேட்கவில்லை. வீணையைப் பிளந்து, சிறாய் சிறாயாக்கி, எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றியும் பார்க்கிறான். ஒலி அகப்படவில்லை. உடலிலோ உணர்விலோ 'நான்' என்று ஒன்றைத் தேடினால் இப்படித்தான் வெறுங்கையோடு நிற்க நேரும் என்று காட்டப் புத்தர் இதைச் சொன்னார். எலெக்ட்ரிக் கிட்டார் உலகில் இன்றும் இதே தேடல் நடக்கிறது. அங்கே ஒலி மரத்துக்குள் அகப்பட்டுவிட்டதாகவே பலர் நம்புகிறார்கள். மஹோகனி, மேப்பிள், ரோஸ்வுட் என்று உயர்ந்த மரத்தில்தான் உயர்ந்த நாதம் குடியிருக்கும் என்பது அங்கே ஏறக்குறைய ஒரு சமயக் கோட்பாடு. ஒரு பொருளின் மேன்மை அதன் பிறப்பில் இருக்கிறதா, அது கூட்டப்பட்ட விதத்தில் இருக்கிறதா என்ற பழைய கேள்விதான் இது. கூட்டப்பட்ட விதத்தில்தான் என்பது என் முடிவு. அதற்கு நான் அழைக்கும் சாட்சி, அதிகம் பேசப்படாத டேனெலெக்ட்ரோ கிட்டார்.

நேதன் டேனியல் அடிப்படையில் ஆம்ப்ளிஃபயர் செய்பவர். 1947-இல் டேனெலெக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை நியூ ஜெர்சியில் இருந்தது. சொந்தப் பெயரில் விற்றதோடு, சியர்ஸ் நிறுவனத்துக்காக 'சில்வர்டோன்' என்ற பெயரிலும் கருவிகளைச் செய்து கொடுத்தார். 1950களில் அவர் கிட்டார் செய்ய இறங்கியபோது எடுத்துக்கொண்ட பொருட்களைப் பாருங்கள். உள்ளே சாதாரண மரச் சட்டம். அதன் மேலும் கீழும் மேசனைட் பலகை. விளிம்பு தெரியாமல் இருக்கச் சுற்றிலும் வினைல் பட்டை. மேசனைட் என்பது 1924-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் கண்டுபிடித்தது. மரச் சிறாய்களை நீராவி அழுத்தத்தில் வெடிக்கவைத்து நாராக்கி, அந்த நாரைச் சூட்டில் அழுத்திப் பலகையாக்குவார்கள். எந்த மரம், எந்தக் காடு, எத்தனை வயது என்ற விவரமெல்லாம் அந்த வெடிப்பிலேயே கரைந்துவிடும். நம் ஊர்த் தச்சர்கள் ஹார்ட்போர்டு என்று சொல்லி அலமாரியின் முதுகில் அடிக்கும் பலகையின் இனம்தான். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்பையும் அவர் இதே மனத்தோடு செய்தார். ஒரு சட்டக் காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, அதை லிப்ஸ்டிக் அடைக்கும் உலோகக் குழாய்க்குள் நுழைத்துவிட்டார். அந்தப் பிக்கப்புக்கு இன்றும் லிப்ஸ்டிக் பிக்கப் என்றே பெயர்.

இப்படிச் செய்த கிட்டாரில் ஒலி எங்கிருந்து வருகிறது? எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. அந்தக் கலைவு கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. பிக்கப் கேட்பது தந்தியைத்தான். மரம் அதில் நேராகப் பேசுவதில்லை. தந்தி எவ்வளவு நேரம், எந்த விதத்தில் அதிரும் என்பதில் மட்டும் அது தன் பங்கைச் செலுத்துகிறது. டேனியலின் உண்மையான முடிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து மற்ற கிட்டார்கள் பலவற்றில் இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து இயக்கும்போது அவை பக்க இணைப்பில் சேரும். அவர் அவற்றைத் தொடரிணைப்பில் வைத்தார். அதனால் இரண்டும் சேரும் நிலையில் ஒலி மெலிவதற்குப் பதிலாகப் பெருக்கிறது. தனித்தனியே கண்ணாடிபோல் தெளிவாகப் பேசும் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்ததும் தடித்த, அடர்ந்த மூன்றாவது குரல் ஒன்று எழுகிறது. கழுத்தின் முனையில் தந்திகள் கிடக்கும் மேட்டை அலுமினியத்தில் செய்தார். விரல் வைக்காத தந்தியும் உலோக ஃப்ரெட்டில் அழுத்திய தந்தியும் ஏறக்குறைய ஒரே பளபளப்போடு ஒலிக்கின்றன. இவற்றில் எதுவும் விலையுயர்ந்த பொருள் கிடையாது. ஒவ்வொன்றும் மற்றொன்றோடு எப்படிச் சேரவேண்டும் என்று ஒருவர் யோசித்துச் செய்தது.

சைவ சித்தாந்தி இங்கே குறுக்கிட்டு, பௌத்தரின் பதில் போதாது என்பார். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். கூட்டுபவன் இல்லாமல் கூட்டம் தானாகச் சேராது. நான் அவர் பக்கம்தான். உறுப்புகள் கூடியதும் ஒலி தோன்றிவிட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது, டேனியல் வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் மறைத்துவிடும். ஆனால் இந்தத் திருத்தமும் மரத்தின் குலத்தைக் காப்பாற்றவில்லை. நிமித்தகாரணத்துக்குக் கிடைக்கும் மதிப்பு முழுவதும் முதற்காரணத்தின் பெருமையிலிருந்து கழிகிறது.

மரம் முக்கியமே இல்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். மேசனைட் உடலின் உள்வெற்றிடமும் எடைக்குறைவும் தந்தியின் அதிர்வில் கலந்தே தீரும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் லிப்ஸ்டிக் பிக்கப்புகள் பொருத்திய வேறொரு கிட்டாரை வாசித்திருக்கிறார். அது டேனெலெக்ட்ரோ போலவே ஒலிக்க வேண்டிய அவசியமில்லை. டேனியலும் விரல்பலகைக்கு ரோஸ்வுட்டைத்தான் பயன்படுத்தினார். பொருள் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வேறுபாட்டை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்துவதைத்தான் மறுக்கிறேன். அந்த வரிசைக்கு வெளியுலகில் விலையும் இருக்கிறது. அரிய மரத்தின் மேலுள்ள பக்தி காடுகளின் மேல் விழுந்திருக்கிறது. ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததற்கு மரச்சாமான் தேவைதான் பெரிய காரணம் என்றாலும், கிட்டார் தொழிலும் அந்த மரத்தைத் தேடி அலைந்த ஒன்றே.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. டேனெலெக்ட்ரோ ஏற்காத வேடமில்லை. 1956-இல் வந்த ஆறு தந்தி பேஸ், சாதாரணக் கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசுவது. நாஷ்வில் ஸ்டூடியோக்களில் இவ்வகைப் பேஸின் தந்தியை உள்ளங்கையால் சற்று அமுக்கி, பெரிய பேஸின் வரியோடு ஒட்டி வாசித்தார்கள். கன்ட்ரி இசையில் அந்த 'டிக்-டாக்' ஒலி ஒரு தனி மரபாகவே நின்றுவிட்டது. 1968-இல் வந்த 'விச்சிட்டா லைன்மேன்' பாடலின் நடுவே க்ளென் கேம்பல் டேனெலெக்ட்ரோ பேஸில் வாசிக்கும் ஆழ்ந்த தனி ஆவர்த்தனம் வேறு ரகம். லெட் ஸெப்பலினின் 'காஷ்மீர்' இன்னும் வேறு. அதைக் கச்சேரி மேடைகளில் அந்த ராக் குழுவின் ஜிம்மி பேஜ் டேனெலெக்ட்ரோவில் வாசித்தார். இவ்வளவு முகம் காட்டுவதற்குச் சொந்த முகம் எது, எல்லாமாகவும் ஆவது எதுவுமாக இல்லாமல் போவதுதானே என்பது எதிர்வாதம். சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லும் 'சார்ந்ததன் வண்ணமாதல்' இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணத்தை ஏற்கும். பல நிறங்களை வாங்கும் படிகம் படிகமாகவே இருப்பதுபோல, உயிரும் தன்னை இழப்பதில்லை. சார்ந்து வண்ணம் கொள்ளும் அந்த ஆற்றலே அதன் இயல்பு. மேற்சொன்ன மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், கிளையிலிருந்து உடனே எழும் குருவிபோலச் சட்டென்று புறப்படும் தொடக்கமும், அடியில் தேங்கி நிற்காத தெளிவும் எல்லாவற்றிலும் தெரியும். ஒரே ராகத்தைப் பல பேர் பாடினாலும் ராகம் அடையாளம் தெரிவதற்குச் சமமான நிலை இது.

எல்லாம் வாசிப்பவரின் கைவண்ணம், கருவிக்கு என்ன பெருமை என்பவரும் உண்டு. பேஜிடம் விலையுயர்ந்த லெஸ் பால் கிட்டார்கள் இருந்தன. அவற்றை வைத்துவிட்டு 'காஷ்மீரு'க்கு இதை எடுத்தது, கையால் மட்டும் ஆகாத ஏதோ ஒன்று அதில் இருந்ததால்தான். புகழ் பெற்றவர்கள் தொட்டதால் வந்த மோகம் என்பதும் நிற்காது. அவர்கள் எடுத்த நேரத்தில் இது மலிவு விலைக் கருவிதான். 1966-இல் நிறுவனம் பொழுதுபோக்கு நிறுவனமான எம்.சி.ஏ. கைக்குப் போய், 1969-இல் மூடப்பட்டது. பெயர் 1990களில் வேறு கைகளில்தான் மீண்டது.

மூடுவதற்கு முன் வந்த கடைசிச் சிறப்பு, 'கோரல்' என்ற துணைப் பெயரில் 1967-இல் வெளியான எலெக்ட்ரிக் சிதார். ஸ்டூடியோ வாத்தியக்காரர் வின்னி பெல் அதன் வடிவமைப்பில் உடனிருந்தார். தந்தி பாலத்தின் மேல் லேசாக உரசிப் படியும்படி செய்து, சிதாருக்கும் நம் தம்புராவுக்கும் உள்ள ரீங்காரத்தை அதில் வரவழைத்தார்கள். தம்புராவில் அந்த ரீங்காரத்துக்காகப் பாலத்துக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் நூலிழைக்கு நாம் ஜீவா என்று பெயர் வைத்திருக்கிறோம். இதைப் போலி என்று தள்ளுவது சுலபம். ஆனால் ஸ்டீவி வொண்டரின் 1970-ஆம் ஆண்டுப் பாடலான 'சைன்ட், சீல்ட், டெலிவர்ட்' தொடங்குவதே எலெக்ட்ரிக் சிதாரின் ஒலியில்தான். அதை யாரும் சிதார் என்று எண்ணி ஏமாறுவதில்லை. டெட்ராய்ட் நகரத்து சோல் இசையில் அது தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. தந்தியும் பாலமும் உரசும் அந்த ஓரிடத்தில் ஜீவன் பிறக்கிறது. நூலிழைக்கும் குலம் கிடையாது, ஹார்ட்போர்டுக்கும் கிடையாது.