கேமரா பார்த்த மணல்

பங்கர் என்பது கோல்ஃப் மைதானத்து மணல்குழி. பந்து அதில் விழுந்துவிட்டால், அடிப்பதற்காக மட்டையைப் பின்னால் ஓங்கும்போது மணலைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு அடி அபராதம்.

2016 அமெரிக்க மகளிர் ஓப்பன். வெற்றியை முடிவு செய்யும் பிளே ஆஃப். ஸ்வீடன்காரர் அன்னா நார்ட்க்விஸ்டின் மட்டை உரசி, சில மணல் துகள்கள் நகர்ந்தன. அவருக்கே தெரியாது. டி.வி. கேமராவின் குளோசப்புக்குத் தெரிந்தது! அபராதம் விழுந்தது. கோப்பை பிரிட்டனி லாங்குக்குப் போனது.

தெரியாமல் செய்தது தப்பா? சரி, தப்பு என்றே வையுங்கள். கேமரா துரத்தாத இன்னொரு ஆட்டக்காரி இதையே செய்திருந்தால் தப்பித்திருப்பாரே? எனக்கு உறுத்துவது அதுதான்.

2017-ல் மாற்றினார்கள். வெறும் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லாததை வீடியோவில் மட்டும் கண்டுபிடித்தால் அபராதம் கிடையாது. நியாயம்தான். ஆனாலும், காமர்ஸ் படித்த புத்தி... ஒரு பைசா இடித்தாலும் தூக்கம் வராது. மணல் நகர்ந்தது நகர்ந்ததுதானே, சார்?