பழி சுமக்கும் இரும்பு

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே விழுந்தது. அதில் சென்ற 14 பேரையும் இழந்தோம். "இயந்திரக் கோளாறா?" என்றே முதலில் கேட்டோம். கோளாறு இல்லை, மேகத்துக்குள் புகுந்ததே காரணம் என்றது விசாரணை.

அந்தக் கேள்வியில் நமக்கு ஏன் இத்தனை ஆறுதல்? இரும்பின்மேல் பழி போட்டால் மனிதர் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை அல்லவா?

பயிருக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டரை எண்ணிப் பாருங்கள். உயரத்தில் எஞ்சின் நின்றால், இறங்கும்போது எதிர்ப்படும் காற்றே விசிறியைச் சுழற்றும். விமானி தரையைத் தொட்டுவிடலாம். பயிரை ஒட்டி மெதுவாகப் பறப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. உயரம் என்பது பிழையைப் பொறுக்கும் நேரம்.

வானம் அவரை மன்னிக்காது. ஆகவே தரையில் இருப்பவரின் கடமை கூடுகிறது. உலோகத்துக்குள் வளரும் விரிசல் யாருடைய குற்றமும் அல்ல. அதைத் தேடிப் பாராமல் விட்டது குற்றம். இரண்டையும் 'கோளாறு' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம்.

கோவைப் பட்டறையில் பம்புக்கு ஷாஃப்ட் கடைபவர், அது எந்தத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கும் என்று அறியார். முகம் அறியாத அந்த ஒருவருக்காகவும் அளவு பிசகாமல் கடைகிறாரே, அதுதான் அறம்.