காயும் பெயரும்: தந்திரோபாய விளையாட்டின் உயர்வு குறித்து ஒரு நோக்கு

விளையாட்டினை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே நெடுங்காலமாகவே ஒரு தயக்கம் இருந்து வருகின்றது. நாட்டார் பாடலையும் கூத்தையும் ஆய்வுக்குரியவையென ஏற்பித்தற்கே முன்னைய தலைமுறையினர் பெரிதும் வாதாட வேண்டியிருந்தது. இன்று வெலிமடை நகரிலும் ஊவாவின் தோட்டங்களிலும் வளரும் இளைஞர் கைத்தொலைபேசித் திரையில் படை நடத்துகின்றனர். இதனைப் பொழுதுபோக்கெனக் கூறித் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அவ்விளையாட்டுகளுள் சில, அறவியலின் பழைய வினாவொன்றைப் புதிய வடிவில் எழுப்புகின்றன. தன் நோக்கமொன்றன் பொருட்டுப் பிறரை நகர்த்துபவன் அவர்களை எவ்வாறு அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வினா. இவ்வகை விளையாட்டொன்று உயர்ந்ததாவது எதனால் என்று கேட்போமாயின், அதற்குரிய விடை இவ்வறவினாவின் விடையோடு பிணைந்து நிற்பதைக் காணலாம். அப்பிணைப்பினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்திரோபாயப் பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படுவது இரு மரபுகளின் கூட்டிலே பிறந்தது. ஒன்று பலகை மரபு. மற்றொன்று கூத்து மரபு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் முன்னதற்கு மூலம். 1824இல் பிரசிய நாட்டுப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ், நிலப்படத்தின் மீது போர் பயிலும் முறையொன்றை ஒழுங்குபடுத்தினார். 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இப்போர் விளையாட்டு மரபிலிருந்தே கிளைத்தது. ஒவ்வொருவரும் ஒரு படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரு பாத்திரத்தை ஏற்கவேண்டும் என்பது அதனால் நிகழ்ந்த மாற்றம். 1990இல் யப்பானில் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட, சோசோ ககா வடிவமைத்த ‘பயர் எம்பிளம்’ இவ்விரு மரபுகளையும் திரையிலே இணைத்துக் காட்டிய முன்னோடிகளுள் ஒன்று. கட்டங்கள், முறைவைத்து நகர்த்தல் என்னும் பலகையின் இலக்கணம் அதில் உண்டு. அதேவேளை ஒவ்வொரு காய்க்கும் பெயரும் முகமும் கதையும் உண்டு.

இப்புதுமையின் பொருளை உணர்வதற்குப் பெயரில்லாத காய்களை முதலில் நோக்குதல் தகும். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து என்பது பெருவழக்கு. ஆட்டுக்கு உரியவன் ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியை ஒரு மூலைக்கு இழுப்பான். எஞ்சிய ஆடுகள் வழியை அடைக்கும். பலியான ஆடு எது என்று எவரும் கேட்பதில்லை. ஓர் ஆடு இன்னோர் ஆட்டுக்கு முற்றிலும் சமம். சதுரங்கத்துக் காலாளும் இத்தன்மையதே. இதனைக் குறையெனக் கூறுவதற்கில்லை. எண்ணும் இடமும் அன்றிப் பிறிதெதுவும் கணக்கில் வராமையே அவ்வாட்டங்களின் தூய அழகுக்குக் காரணம். எனினும், அங்கே ஆடுபவன் தன் செயலுக்கு அறிவினால் மட்டுமே பொறுப்பாகின்றான், அறத்தால் ஆவதில்லை.

காய்க்குப் பெயர் வந்ததும் நிலைமை மாறுகின்றது. ‘பயர் எம்பிளம்’ விளையாட்டிலே களத்தில் வீழ்ந்தவர் பொதுவாக மீள்வதில்லை. பத்துக் களங்களில் உடன் வந்த ஒருவன் பதினொன்றாம் களத்தில், நாம் தவறாக வைத்த ஓர் அடியினால் இறக்கின்றான். அவனது இடத்தை இன்னொருவனைக் கொண்டு நிரப்பலாம். அவனை நிரப்ப முடியாது. 1994இல் பிரித்தானியரான ஜூலியன் கொலொப் வடிவமைத்த ‘எக்ஸ்-கொம்’ விளையாட்டில் வீரர்களின் பெயரை ஆடுபவரே மாற்றலாம். தம் நண்பரின் பெயர்களை அவர்களுக்கு இட்டு, அதன்பின் அவர்களை இருளுக்குள் அனுப்பக் கை கூசியவர் பலர். கணக்கு மாறவில்லை, கணக்கிடுபவனே மாறினான்.

ஆயின் பெயரிடுதல் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மலையக வாழ்வே தக்க சான்று. தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளரின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பிரட்டுக்களத்தில் அப்பெயர்கள் நாள்தோறும் அழைக்கப்பட்டன. ஆனால் அங்கே ‘பேர்’ என்ற சொல்லே ஒருநாட் கூலியின் அளவையாகிவிட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்று ‘அரைப்பேர்’. ஒரு மனிதப் பிறவிக்கு அரைப் பெயர் இருக்க முடியுமா என்ற வினாவை அந்த ஏடு எழுப்பவில்லை. பெயரும் எண்ணாகத் தேயக்கூடும் என்பதற்கு இதனினும் கூர்மையான சொல்வழக்கினைக் காண்டல் அரிது.

விளையாட்டிலும் இத்தேய்வு நிகழ்கின்றது. ‘பயர் எம்பிளம்’ முதற்கதையின் 2008ஆம் ஆண்டு மறுஆக்கத்தில் சில கிளைக்களங்களுக்குச் செல்ல ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. படையில் எஞ்சியோர் பதினைந்து பேருக்கு மேற்படாதிருந்தால் மாத்திரமே அவை திறக்கும். இழப்பினால் துவண்டவருக்கு ஆறுதலாகவே அமைப்பாளர் இதனைக் கருதியிருக்கலாம். நிகழ்ந்ததோ வேறு. எல்லாக் களங்களையும் காண விரும்பியோர் தம் தோழரையே வேண்டுமென்று சாகவிட்டனர். பெயரும் முகமும் இருந்தும் அவர்கள் ஆடுபுலி ஆட்டத்து ஆடுகளாயினர். ஆகவே உயர்வு பெயரில் மட்டும் இல்லை; அப்பெயரை விதிகள் எவ்வாறு நடத்துகின்றன என்பதிலேயே உண்டு. கதை ஒன்றைச் சொல்லி விதி வேறொன்றுக்குப் பரிசளிக்குமாயின், விளையாட்டின் உண்மையான அறம் விதியிலேயே இருக்கின்றது. சமூகங்களுக்கும் இது பொருந்தும்.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசை இங்கே மனங்கொள்ளத்தக்கது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இவை மூன்றும் தந்திரோபாயத்தின் முழு இலக்கணம் எனலாம். ஆயின் வள்ளுவர் அங்கே நின்றுவிடவில்லை. தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என ஆளை அறிதற்கும், அதன்மேல் சுற்றந்தழாலுக்கும் செல்கின்றார். வலியும் காலமும் இடமும் அறிந்தவன் நல்ல ஆட்டக்காரன். அவற்றோடு ஆளையும் அறிந்தவனே தலைவன். தந்திரோபாய விளையாட்டுகளுள் பெரும்பாலானவை முதல் மூன்று அதிகாரங்களோடு முடிந்துவிடுகின்றன. உயர்ந்தவை எஞ்சியவற்றையும் நம்மிடம் கேட்கின்றன.

அவ்வாறு கேட்டதொன்றாக 1995இல் யசுமி மட்சுனோ யப்பானில் உருவாக்கிய ‘டக்டிக்ஸ் ஓகர்’ விளையாட்டைக் குறிப்பிடலாம். யூகோஸ்லாவிய நாடு இனப்போரினால் சிதறிக்கொண்டிருந்த காலம் அது. கதை நிகழும் தீவுகளில் மூன்று இனத்தார் வாழ்கின்றனர். நாயகன் டெனம் சிறுபான்மை இனத்தவன். ஆதிக்க இனத்தாரால் ஒரு சுரங்கக் குடியிருப்பில் அடைக்கப்பட்டு உழைக்கும் தன் மக்களை எழுச்சிக்கு அழைக்க அவன் அனுப்பப்படுகின்றான். அவர்கள் மறுக்கின்றனர். அப்போது அவனுடைய தலைவரின் ஆணை வெளிப்படுகின்றது: அம்மக்களைக் கொன்று, பழியைப் பகைவர்மீது சுமத்தி, அச்சினத்தால் ஏனையோரை ஒன்றுதிரட்ட வேண்டும். விடையளிக்கும் பொறுப்பு ஆடுபவனுக்கு. மறுத்தாலும் கொலை நிற்பதில்லை. பிறர் அதனை நிறைவேற்றி, மறுத்தவன்மீதே பழியைச் சுமத்துகின்றனர். ஆதலின் இது நன்மை தீமைகளுள் ஒன்றைத் தெரிந்து பரிசு பெறும் தேர்வன்று. விளைவை மாற்ற இயலாதபோதும், அதில் நான் எவனாக நிற்பேன் என்னும் தேர்வாகும்.

இதனைவிட நுட்பமான செய்தியொன்றும் அதிலுண்டு. வைஸ் என்னும் நண்பன் டெனத்துடன் வளர்ந்தவன். டெனம் ஆணைக்கு இணங்கினால் வைஸ் வெகுண்டெழுந்து எதிர்க்கின்றான். டெனம் மறுத்தாலோ, அதே வைஸ் ஆணையை ஏற்றுக் கொலைக்கு உடன்படுகின்றான். இரு வழியையும் ஆடியவருக்கே இது புலனாகும். முதல் ஆட்டத்தில் கயவனெனத் தீர்ப்பிட்டவனை இரண்டாம் ஆட்டத்தில் மனச்சான்றின் குரலாகக் கேட்கின்றோம். மனிதரின் குணம் பற்றிய நமது தீர்ப்புகள் எத்துணைச் சூழ்நிலைச் சார்புடையன என்பதை இவ்வாறு ஒருவனது கையாலேயே அவனுக்குக் காட்டவல்ல கலைவடிவங்கள் சிலவே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. திரையில் இறந்தவன் இறந்தவனல்லன். பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அவன் எழுந்து வருவான். மெய்யான இழப்பு இல்லாதவிடத்து மெய்யான அறமும் இல்லை. ஆடுபவன் உணரும் துயர் விலையின்றிப் பெற்ற ஆடம்பரம். இம்மறுப்பு வலியது. 2010இல் வெளிவந்த ‘பயர் எம்பிளம்’ விளையாட்டொன்று, வீழ்ந்தவர் அடுத்த களத்தில் மீளும் எளிய முறையையும் அளித்தது. அதனைப் பலர் விரும்பியே ஏற்றனர் என்பதும் கருதத்தக்கது.

எனினும் மலையகத்துக் கூத்துமரபை அறிந்தவர் இம்மறுப்பை அப்படியே ஏற்கமாட்டார். தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன்கூத்து நிகழ்கின்றது. ரதியாக அழுபவன் ஆண் என்பதும், எரிந்த மன்மதன் அடுத்த மாசியில் மீண்டும் வருவான் என்பதும் கூடியிருப்போர் யாவரும் அறிந்தவை. ஆயினும் அத்துயர் பொய்யென எவரும் எழுந்து செல்வதில்லை. பொன்னர் சங்கர் கூத்தில் படுகளம் விழுதலும் அத்தகையதே. மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுவதனால் இறப்பு அங்கே பொருளிழக்கவில்லை. மாறாக, அதனைக் காணும் ஆற்றலைச் சமூகம் பயின்றுகொள்கின்றது. கூத்தின் பயன் துயரின் அளவில் இல்லை. கவனத்தின் பயிற்சியில் உள்ளது. நல்ல விளையாட்டுக்கும் இவ்விடையே பொருந்தும். அதனை ஆடியவன் நல்லவனாகிவிடுவான் என்பது நமது கூற்றன்று. காயை நகர்த்துமுன் அதன் முகத்தை நோக்கும் வழக்கத்துக்கு அது இடமளிக்கின்றது என்பதே கூற்று.

மகாபாரதச் சூதுப்போர் இதனை இன்னொரு வகையில் தெளிவாக்கும். தருமன் நாட்டை வைத்து இழந்தான். தம்பியரை வைத்து இழந்தான். தன்னையும் இழந்து, பின் பாஞ்சாலியை வைத்தான். அதுவரை பணயப்பொருள் எதுவும் பேசவில்லை. பாஞ்சாலியோ அவைநடுவே வினா எழுப்பினாள்: தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? அவையிலிருந்த மூத்தோரால் அதற்குத் தெளிவான விடை கூற இயலவில்லை. காய் வாய்திறந்து ஆடுபவனைக் கேள்வி கேட்கும் அக்கணத்தையே உயர்ந்த தந்திரோபாய விளையாட்டின் இலக்கணமாக யாம் கொள்கின்றோம். அக்கேள்வி பகைவர் பக்கத்திலிருந்தும் எழுமாயின் இன்னும் சிறப்பு. ‘பயர் எம்பிளம்’ களத்தில் எதிரிகளுள் சிலரை வாளால் வீழ்த்தாது, அவர்க்குரிய ஒருவரை அனுப்பிப் பேசித் தம்பக்கம் சேர்க்கலாம். ஆயின் அவர்களைச் சூழ்ந்த பெயரிலாப் பகைவர் அப்பேறு பெறுவதில்லை. இவ்வகை விளையாட்டுகள் இன்னும் கடவாத எல்லை இது.

இவையெல்லாம் கற்பனைத் தீவுகளின் செய்திகள் என்று நாம் அமைதியுற முடியாது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டிருந்த மலையக மக்களை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அவ்வெஞ்சியோர் ஆளுக்குப் பாதியாக, 75 ஆயிரம் வீதம் பகிரப்பட்டனர். இரு அரசுகளும் தத்தம் வலியும் காலமும் இடமும் அறிந்தே நகர்த்தின. நகர்த்தப்பட்டோரை எவரும் வினவவில்லை. பதுளைப் பாதையின் புகையிரத நிலையங்களில் தாயும் மகளும், அண்ணனும் தம்பியும் பிரிந்தபோது, அவ்வட்டவணையின் எண்கள் பிழையின்றியே இருந்தன. நாடற்ற நிலையைப் போக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வொப்பந்தத்தை வரைந்தோர் கொடியவர் என்பது நமது வாதமன்று. உயரத்திலிருந்து நோக்குவோனுக்கு மனிதர் எண்ணாகத் தோன்றுதல் இயல்பு. ஆட்சி நடத்துதற்கு எண்ணும் இன்றியமையாதது. பெயர்களை மட்டும் நோக்குபவன் முடிவெடுக்கமாட்டான். எண்களை மட்டும் நோக்குபவன் முடிவெடுத்தபின் உறங்கிவிடுவான். இவ்விரு நோக்கையும் ஒருங்கே சுமத்தலே கடினம். அக்கடினத்தை ஒருவனிடமிருந்து பறிக்காது, அவன் கையிலேயே வைத்துவிடும் விளையாட்டு எதுவோ அதுவே உயர்ந்தது. தெளிந்த விதியும், கடும் பகையும், கவினுறு சித்திரமும் அதற்குத் துணையாவன. அவை அதன் உயிரல்ல.

ஊவாவின் இளைஞருள் தம் மொழியில் இத்தகைய விளையாட்டுகளை ஆக்கவல்லோர் நாளை தோன்றலாம். அவர்களுக்குக் கதை தேடி அலையவேண்டிய தேவை இல்லை. தம் பாட்டன் பாட்டியர் எந்தப் பலகையில் நகர்த்தப்பட்டனர் என்பதை அவர்கள் அறிவர். அப்பலகையை மீண்டும் விரிக்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் நிற்பவருக்கு முழுப் பேர் எழுதுவார்களாக.