மறைவிடத்து நேர்த்தி

செய்பொருளொன்றின் தரம் எதனால் அளவிடப்படுகின்றது என்ற வினா எளிமையானதாகவே தோன்றும். பார்ப்பவரின் கண்ணாலும் பயன்படுத்துபவரின் அனுபவத்தாலும் என்று நாம் உடனே விடையிறுப்போம். ஆயின் ஒவ்வொரு பொருளிலும் பார்ப்பவரின் கண் செல்லாத இடங்கள் உள. பயன்படுத்துபவர் ஒருபோதும் அறியாத இணைப்புகள் உள. அவ்விடங்களிலும் நேர்த்தியைப் பேணுதற்குக் கைவினைஞன் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவனாயின் அக்கடமை யாரை நோக்கியது? பணம் கொடுப்பவரையா, செய்யப்படும் பொருளையா, செய்பவனின் மனச்சான்றையா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை எனக்கு நூல்களின் வழியாக வந்த வினாக்கள் அல்ல. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்த காலத்தில், பண்டத்தரிப்பில் வாழும் எமது குடும்பம் கடன்பட்டு ஒரு மொரிஸ் மைனர் காரை வாங்கியது. திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவதே தந்தையாரின் எண்ணம். வண்டியின் வர்ணம் கண்ணாடி போல் மின்னியது. இரண்டாவது மாரி முடிந்தபோது அதன் கதவுகள் சரிவரப் பூட்டவில்லை. எமது அயலில் உள்ள முதியவரான மெக்கானிக் ஒருவர் வண்டியை ஜாக்கியில் உயர்த்தி, கதவின் கீழுள்ள சட்டத்தில் திருகாணிச் சாவியின் நுனியை அழுத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது. வர்ணத்தின் கீழ் புட்டி. புட்டியின் கீழ் கசக்கித் திணிக்கப்பட்ட பத்திரிகைத் தாள். அதன் கீழ் துரு.

இதன் பாரதூரத்தை உணர அவ்வண்டியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வரையில் உற்பத்தியான மொரிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. அதே காலத்து ஒஸ்ரின் ஏ40 சமர்செற் வண்டியில் உடல் ஒரு தனிச் சட்டத்தின்மீது அமர்ந்திருந்தது. மைனரிலோ தகட்டு உடலே சட்டம். கதவின் கீழுள்ள பெட்டிவடிவப் பகுதிகளே வண்டியின் பாரத்தைத் தாங்குவன. அங்கு துருப்பிடித்த தகட்டைப் புட்டியால் நிரப்புவது வீட்டுத் தூணின் உட்புறத்தைச் செல்லரிக்கவிட்டு வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும். கண்ணுக்குப் புலப்படும் வளைந்த முகப்பு எதனையும் தாங்குவதில்லை. எது தாங்குகிறதோ அது மறைந்திருக்கிறது. எது மறைந்திருக்கிறதோ அதனையே ஏமாற்றுதல் எளிது. மாதகல் கடற்காற்று எட்டும் எமது பிரதேசத்தில் இரும்பு விரைவில் உண்ணப்படுமாதலால் இவ்வேமாற்றுக்கு வாய்ப்பும் மிகுதி.

மறைவிட நேர்த்தி பற்றி மூன்று நிலைப்பாடுகள் இருக்கக்கூடும். முதலாவது, தரம் என்பது ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்பது. கேட்டதைக் கேட்ட விலைக்குக் கொடுத்தால் கைவினைஞனின் கடமை முடிந்துவிடுகிறது. இரண்டாவது, தரம் மூல மாதிரிக்குக் கட்டுப்பட்டது என்பது. தொழிற்சாலை வகுத்த அளவும் பொருளுமே நியமம். அதிலிருந்து விலகுவது குறை. மூன்றாவது, தரம் வேலையின் உள்ளேயே இருக்கிறது என்பது. 1974 இல் வெளியான நூலொன்றில் றொபேட் பேர்சிக், மோட்டார்ச் சைக்கிள் பராமரிப்பை வைத்துக்கொண்டு தரம் என்றால் என்ன என்ற வினாவை எழுப்பியபோது, வேலையில் தோயும் மனத்துக்கும் வேலைக்கும் இடையில் உள்ள உறவையே முதன்மைப்படுத்தினார். இம்மூன்றும் தனித்தனியே எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிகளின் வரலாற்றைக்கொண்டே சோதிக்கலாம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் முதலிய பல பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. கிடைத்த சிறிதளவு மண்ணெண்ணெயும் மிக விலையுயர்ந்ததாக இருந்தது. அக்காலத்தில் எம்மவர் பெற்றோல் இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். சிறு போத்தலில் பேணிய சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. முற்றாக எரியாத பகுதி கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச்செய்யும். புகை கண்ணை எரிக்கும். ஏறத்தாழ 7 இற்கு 1 என்ற குறைந்த அமுக்க விகிதம் கொண்டிருந்தமையாலேயே ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் இதனைத் தாங்கின. பிரித்தானியாவில் 1940 களின் பிற்பகுதியில் பேர்குசன் உழவு இயந்திரங்கள் சில பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுமாறே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டன என்பது ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. அங்கு பொறியியலாளர் வரைபடத்தில் செய்ததை இங்கு மெக்கானிக் நெருக்கடியில் செய்தான்.

மூல மாதிரியே நியமம் என்போர் இவ்வேலையைத் தரக்குறைவானதென்றே கூறவேண்டும். தயாரித்தவரின் கைநூலில் இதற்கு இடமில்லை. ஆயினும் அவ்வண்டிகள் நோயாளரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றன. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது, எம்மூரவரின் முதியோரையும் பொருள்களையும் சுமந்தவற்றுள் இத்தகைய வண்டிகளும் இருந்தன என்பர் எமது பெற்றோர். அவற்றை ஓடவைத்த கைகளைக் குறைவேலை செய்த கைகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆகவே நியமம் என்பது காலத்துக்கும் வசதிக்கும் அப்பாற்பட்ட ஒன்றன்று.

ஆயின் இவ்விடத்தில் ஓர் அபாயம் உண்டு. தட்டுப்பாடு நியாயமாக்கிய விலகலை, தட்டுப்பாடு நீங்கியபின் சோம்பல் தனதாக்கிக்கொள்கிறது. “பாட்ஸ் இல்லை, உள்ளதை வைத்துச் செய்தது” என்ற சொல் ஒரு காலத்தில் உண்மை. பின்னர் அது சாட்டு. எமது வண்டியில் தாளைத் திணித்தவரும் இதையே சொல்லியிருப்பார். இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? இரண்டும் மூல மாதிரியிலிருந்து விலகியவை, இரண்டும் மலிவானவை. வேறுபாடு பொருளில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி தன் குறையைத் தன் புகையாலேயே பறைசாற்றியது. ஏறியவர் யாவரும் அதன் நிலையை அறிந்தே ஏறினர். புட்டி பூசிய வண்டியோ தான் இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. முன்னது இயலாமைக்கு எதிரான முயற்சி; பின்னது நம்பிக்கைக்கு எதிரான செயல்.

உண்மையே அளவுகோல் என்ற இம்முடிபு பண்டைச் சின்னங்களைப் பேணுவோர் கண்ட முடிபுக்கு அண்மையானது. 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சிதைந்த பகுதிக்கு ஈடாகச் சேர்க்கப்படுவது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதேவேளை மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என வற்புறுத்தியது. பழைய வாகனங்களுக்கென அதே வழியில் 2012 இல் தூரின் சாசனம் உருவாயிற்று. புளூட்டாக் கூறும் தீசியசின் கப்பலையும் ஈண்டு நினைவுகூரலாம். பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பலா என்பது பழைய வினா. கழற்றிய பலகைகளைக்கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது மூலக்கப்பல் என்பது 17 ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் சேர்த்த வினா. ஒரு வண்டியின் இயந்திரம் இன்னொன்றிலும், அதன் கதவு வேறொன்றிலும் வாழும் யாழ்ப்பாணத்தில் இது வெறும் மனப்பயிற்சி அன்று. எனினும் வாங்குபவருக்கு வேண்டியது அதே வண்டியா என்பதற்கான விடையன்று. என்ன மாற்றப்பட்டது என்பதற்கான நேர்மையான கணக்கே.

ஆயின் உண்மை மட்டும் போதுமா? யாரையும் ஏமாற்றாதபோதும் மறைவிடத்தில் நேர்த்தி வேண்டுமா? இவ்வினாவைத் தூய வடிவில் காட்டுவது மாதிரி வண்டி செய்யும் கலை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் பிஷர் உடற்பிரிவு 1930 முதல் 1968 வரை இளைஞருக்கென ஒரு போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்து அரச வண்டியின் சிற்றுருவையும், பின்னர் தாமே கற்பனைசெய்த கார்களின் சிற்றுருவையும் போட்டியாளர் கையால் ஆக்கினர்; சிறந்தோர்க்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் வழங்கப்பட்டது. அச்சிற்றுருவில் எவரும் பயணம் செய்யப்போவதில்லை. அதன் குறையால் எவர் உயிரும் போகப்போவதில்லை. அவ்வாறாயின் அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்து மெருகிடுவதன் பயன் யாது? பொருளுக்குப் பயன் இல்லாதிருக்கலாம், செய்பவனுக்கு உண்டு. காணும் இடம், காணா இடம் என்று கையை இரண்டாகப் பிரித்துப் பழக்கிய ஒருவன், உயிர் தங்கியிருக்கும் வேலையில் அதை மீண்டும் ஒன்றாக்குவது அரிது. நேர்த்தி என்பது வேண்டும்போது எடுத்து அணியும் ஆடையன்று, அது பழக்கம்.

1968 இல் டேவிட் பை என்ற ஆங்கிலக் கைவினை அறிஞர், விளைவு முன்கூட்டியே உறுதிப்பட்ட இயந்திர வேலையையும் ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய கைவேலையையும் பிரித்துக்காட்டினார். பின்னதில் தரத்தைக் காப்பது செய்பவனின் தீர்ப்பும் கவனமும் மட்டுமே. தகட்டை அடித்து வளைப்பவன், உருக்கி ஒட்டுபவன், கடைசல் பிடிப்பவன் யாவரும் இவ்வகையினர். வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்ற அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. தூய்மை அவற்றுள் முதலாவதாக நிற்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைக் கட்டியவருக்குக் கடலே தேர்வாளர். கடல் வர்ணத்தைப் பார்த்துப் புள்ளியிடுவதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முழு நேர்த்தி செல்வரின் ஆடம்பரம் என்பதே அது. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடைபெறும் பழைய வண்டிகளின் கண்காட்சிக்குச் செல்லும் வண்டியும், நாள் வாடகையை நம்பி ஓடும் வண்டியும் ஒரே அளவுகோலுக்கு உட்பட முடியுமா? முடியாது, உட்படவும் வேண்டியதில்லை. மெருகில் சமரசம் செய்யலாம். பிறேக்கில் செய்ய இயலாது. மைனரின் முன்சில்லைத் தாங்கும் மரைக்கணுவுக்குக் காலந்தோறும் மசகிடாவிடின் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு சரிந்து விழும். அதனைக் கவனிக்க வேண்டியது பணமன்று, பொறுப்பு. ஏழையின் வண்டி அழகற்றதாக இருக்கலாம். அபாயமானதாக இருத்தல் கூடாது. தரத்தின் அடிமட்டம் உயிர்ப் பாதுகாப்பு. அதற்கு மேல் எவ்வளவு என்பதை இரு தரப்பும் அறிந்து தீர்மானிக்கலாம்.

குறையை முழுவதும் கைவினைஞன் தலையில் கட்டுவதும் நீதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடரின் கைத்திறனை நாம் சேவை என்று போற்றுகிறோம். நோயாளியைக் கொண்டுசெல்லும் வண்டியைப் பேணுபவனின் கைத்திறனைப் படிப்பு ஏறாதவனின் பிழைப்பு என்கிறோம். உத்தியோகத்தையே மனித மதிப்பாக எண்ணிய எமது சமூகம், சாதியின் பெயராலும் கைவேலையை ஒதுக்கிவைத்தது. மூன்று நாள் வேலைக்கு ஒரு நாள் கூலியைப் பேசிவிட்டு மறைவிடத்தில் நேர்த்தி இல்லை என்று வருந்துகிறோம். புட்டி பூசும் கையை உருவாக்குவதில் பேரம் பேசும் வாய்க்கும் பங்குண்டு. தன் உழைப்பின் பயன் தன்னைவிட்டு அந்நியப்பட்டவனிடம் அவ்வுழைப்பின்மீது காதலை எதிர்பார்ப்பது கடினம் என மார்க்ஸ் 1844 இல் எழுதிய கையெழுத்துப்படிகளின் சாரம் இங்கும் பொருந்தும். எனினும் குறைந்த கூலி குறைந்த வேலைக்கு நியாயமாகலாம், பொய்க்கு நியாயமாகாது.

மீண்டும் எமது வண்டிக்கு வருவோம். துருவைக் கண்ட அன்று, கடனை நினைத்த தந்தையார் தயங்கித் தயங்கி அம்முதியவரிடம், பழையபடி மூடித் தந்தால் விற்றுவிடலாமே என்றார். அதுவரை ஏமாற்றப்பட்டவராக இருந்த நாம் அந்த ஒரு வசனத்தில் ஏமாற்றுபவராகும் வாசலில் நின்றோம். முதியவர் கோபிக்கவில்லை. “தம்பி, மூடுறதெண்டால் நான் மூடித்தருவன். ஆனால் வாங்கிற ஆளிட்டை உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு நீர் சொல்லவேணும். சொல்லுவீரோ?” என்று மட்டும் கேட்டார். தந்தையார் பதில் சொல்லவில்லை. வண்டி ஐந்து மாதம் மாமரத்தின் கீழ் நின்றது. ஈற்றில், திறந்துகிடந்த சட்டத்தைக் காட்டியே, பாகங்களுக்காக வாங்க வந்த ஒருவருக்கு விற்றோம். கடனில் ஒரு பகுதி இன்றும் மீதி இருக்கிறது.

அம்முதியவர் எந்தச் சாசனத்தையும் படித்தவரல்லர். எனினும் அவருடைய கேள்வியில் இக்கட்டுரை தேடிய விடை அடங்கியிருக்கிறது. மறைவிடத்து நேர்த்தி பணம் கொடுப்பவருக்கு மட்டும் உரிய கடன் அன்று. ஏனெனில் அடுத்து வாங்குபவரும், அவ்வண்டியில் ஏறும் முகமறியாத மணமக்களும் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். அது மூல மாதிரிக்கு உரிய கடனும் அன்று. ஏனெனில் காலம் மாதிரியை மீறச் செய்யும். தம் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாத காரணத்தால் பிறர் எம்மிடம் ஒப்படைக்கும் நம்பிக்கைக்கே நாம் கடன்பட்டிருக்கிறோம். வண்டி செய்பவனுக்கு மட்டுமன்றி, எவரும் சரிபார்க்காத பந்தியை எழுதும் மாணவனுக்கும், எவரும் கேள்வி கேட்காத விரிவுரையை ஆயத்தம் செய்யும் ஆசிரியனுக்கும் அக்கடன் உரியதே.