சிரித்தவருக்கும் பங்கு உண்டா?

பள்ளியில் ஒரு மாணவரை மற்றவர்கள் சேர்ந்து துன்புறுத்துவது பற்றிய பாடம் பெரும்பாலும் இரண்டு பேருக்காகவே நடத்தப்படுகிறது. துன்புறுத்துபவரிடம் 'அப்படிச் செய்யாதே' என்றும், துன்பப்படுபவரிடம் 'கண்டுகொள்ளாதே, பொறுத்துக்கொள்' என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வகுப்பில் மீதமிருக்கும் முப்பது, நாற்பது பேருக்கு அந்தப் பாடத்தில் வேலையே இல்லை. சமயங்களும் அறநூல்களும் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒரு கேள்வி அந்த மீதிப்பேரைப் பற்றியதுதான். ஒரு தீங்கைத் தன் கையால் செய்யாமல், அது நடக்கும்போது கூட இருந்தவருக்கு அதில் பங்கு உண்டா? கைபேசி வந்தபின் இதைத் தள்ளிவைக்க வழியில்லாமல் போயிற்று.

கேலியும் சண்டையும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. எல்லாமே துன்புறுத்தல் ஆகிவிடாது. இந்த எல்லையை 1970-களில் தெளிவாக வகுத்தவர், சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் பலம் சமமாக இல்லாதது என்று மூன்று அடையாளங்களை அவர் சொன்னார். 1982-ன் இறுதியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் பள்ளிகளில் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. ஓல்வியஸின் தடுப்புத் திட்டம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஓல்வியஸ் சொன்ன மூன்று அடையாளங்களில் அறக்கேள்விக்கு வேராக இருப்பது பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு. சம பலமுள்ள இருவர் மைதானத்தில் உருண்டு சண்டை போட்டால் அதைப் பிரித்துவிட்டால் போதும். எதிர்த்து நிற்க முடியாது என்று தெரிந்தே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வேறு வகை. அந்தப் பலம் உடம்பில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆள்பலம், பணம், சாதி, நிறம், ஆங்கிலம், ஆசிரியரிடம் உள்ள செல்வாக்கு என எதுவாகவும் இருக்கலாம். திருக்குறளின் 25-ஆம் அதிகாரமான அருளுடைமை இந்த இடத்தில்தான் முடிகிறது. தன்னைவிட எளியவர்மேல் பாயப் போகிறவர், தன்னைவிட வலியவர்முன் தான் நின்ற நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் கடைசிக் குறளின் கருத்து. வள்ளுவர் இங்கே நல்லவனாக இரு என்று பொதுவாகச் சொல்லவில்லை. பயந்து நின்ற ஓர் அனுபவத்தை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார். அப்படி ஓர் அனுபவம் இல்லாத மாணவர் எந்த வகுப்பிலும் இருக்க மாட்டார் என்பதால், பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இணையத்துக்கு வந்தால் ஓல்வியஸின் அடையாளங்கள் இடம் மாறுகின்றன. ஒருமுறை போட்ட படம் நூறுமுறை பகிரப்படும்போது, திரும்பத் திரும்பச் செய்பவர் ஒரே ஆள் இல்லை. போலிக் கணக்கு வைத்திருப்பவருக்கு ஆள்பலமும் தேவையில்லை. பெயர் தெரியாமையே அவருடைய பலம். மாலை மணி அடித்ததும் ஓய்ந்துவந்த கேலி இப்போது வீட்டுக்குள்ளும் தொடர்கிறது.

ஓர் ஒன்பதாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளலாம். டியூஷன் இடைவேளையில் மேசைமேல் தலைவைத்து, வாய் திறந்தபடி தூங்கிவிட்ட மாணவனை ஒருவன் படம் பிடிக்கிறான். இன்னொருவன் அதை ஸ்டிக்கராக்கி, அவனுடைய அப்பா செய்யும் தொழிலை வைத்து ஒரு வரி எழுதுகிறான். மூன்றாமவன் குழுவில் போடுகிறான். பத்துப் பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜி வைக்கிறார்கள். இரண்டு பேர் வேறு குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்கிறார்கள். மற்றவர்கள் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் விழுகிறது. படத்தில் இருப்பவனும் அதே குழுவில்தான் இருக்கிறான். விசாரணை என்று வந்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும். 'படம்தான் எடுத்தேன், அனுப்பவில்லை.' 'அனுப்பியது நான், செய்தது நான் இல்லை.' 'நான் சும்மா சிரித்தேன், சார்.' எல்லாமே உண்மைதான். துன்பம் முழுதாக நடந்துவிட்டது. செய்தவர் என்று யாரும் இல்லை.

சமணம் இந்தப் பதில்களை எப்போதோ கேட்டுவிட்டது போலத் தோன்றும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தீவினையை வகைப்படுத்தும்போது மனம், வாக்கு, காயம் என்ற மூன்று கருவிகளோடு நிற்பதில்லை. தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்று இன்னொரு மூன்றை வைக்கிறது. எண்ணுதல், அதற்கான பொருள்களைத் திரட்டுதல், தொடங்குதல் என்ற மூன்று நிலைகளும், வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று என்ற நான்கு தூண்டுதல்களும் சேர்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 108 வகை. எண்ணைவிட முக்கியமானது அதன் பின்னால் உள்ள பார்வை: செயல் என்பது ஒருவருடைய கையில் தொடங்கி அந்தக் கையிலேயே முடிவதில்லை. படம் எடுத்தவர் பொருள் திரட்டினார். 'போடுடா' என்று யாராவது தூண்டியிருந்தால் அவர் செய்வித்தார். எமோஜி வைத்தவர் உடன்பட்டார். பங்கின் அளவு வேறுபடலாம். பங்கே இல்லை என்று யாரும் ஒதுங்க முடியாது.

உடன்படுதல் எப்படிக் காரணமாகும் என்று தர்க்கரீதியாகக் கேட்பவருக்கும் தமிழில் விடை உண்டு, சற்றும் எதிர்பாராத இடத்தில். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு இறைச்சி தருபவர் எவரும் இருக்கமாட்டார் என்கிறார். கொன்றவருக்கே பாவம், உண்பவருக்கு இல்லை என்ற வாதத்துக்கு எதிரான கருத்து இது. புலால் உண்பது குறித்துப் பௌத்தரோடு வாதிடும் சமண நூலான நீலகேசியும் இந்தக் களத்தில்தான் நிற்கிறது. புலால் பற்றிய முடிவு எதுவாக இருந்தாலும் வாதத்தின் அமைப்பு கேலிக்கு அப்படியே பொருந்தும். சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் யாரும் ஸ்டிக்கர் செய்வதில்லை.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்து உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி ஆய்வு வழியாக வந்துசேர்ந்ததும் ஏறக்குறைய இதே இடம்தான். 1996-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, வகுப்பில் துன்புறுத்துபவர், படுபவர் தவிர, கூடச் சேர்ந்து உதவுபவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர் ஆகியோரையும் தனித்தனியே அடையாளம் கண்டது. துன்புறுத்துபவர் தேடுவது வகுப்பில் ஓர் அந்தஸ்து. அதைத் தருவது பார்வையாளர்கள். ஆகவே அவர்களை மாற்றினால் மற்றது தானே தளரும் என்ற எண்ணத்தில் உருவான கிவா என்ற திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் நாடளவில் பரவியது.

ஆனால் பேசாமல் இருந்த எல்லோரையும் உடன்பட்டவர் என்று முத்திரை குத்துவது நியாயமாகாது. வாய் திறந்தால் அடுத்தது தானே என்ற பயம் உண்மையானது. பயந்து பேசாதவரும் ரசித்துப் பேசாதவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். சமணக் கணக்கில் மனமும் ஒரு கருவி என்பதால் அங்கே இருவரும் ஒன்றல்ல. குழுவில் எதிர்த்துப் பேசும் துணிவை எல்லாரிடமும் கேட்பது பேராசை. சிரிக்காமல் இருப்பது, அனுப்பாமல் இருப்பது, அன்று மாலை அந்த மாணவனிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுவது, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்வது எல்லாம் பயந்தவராலும் முடியும்.

இனி, சொன்னது உண்மைதானே என்ற வாதம். ஒருவருடைய அப்பா துப்புரவுப் பணியாளர் என்பதோ, அவர் கணக்கில் தோற்றார் என்பதோ பொய்யில்லை. பொய்யில்லாதது குற்றமாகுமா? ஆகும் என்பதில் சமயங்கள் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. அங்கில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருந்தால் அது புறம்பேசுதல், பொய்யாக இருந்தால் அவதூறு என்பது நபிகளின் விளக்கம். உண்மை என்பதால் தப்பிக்க வழியில்லை. மணிமேகலை பௌத்த அறத்தைச் சொல்லும்போது வாக்கின் குற்றங்களாகப் பொய்யோடு கோள், கடுஞ்சொல், பயனில்லாத பேச்சு ஆகியவற்றையும் சேர்க்கிறது. நான்கில் ஒன்றுதான் பொய். யூதர்களின் தல்மூத் இன்னும் கடுமையாகப் பேசுகிறது: பலர்முன் ஒருவரை அவமானப்படுத்தி முகம் வெளுக்கச் செய்வதை அது இரத்தம் சிந்துவதோடு ஒப்பிடுகிறது.

'சும்மா ஜாலிக்குத்தான்' என்ற பதில்தான் கொஞ்சம் சிக்கலானது. பௌத்தத்தில் வினை என்பதே எண்ணம்; துன்புறுத்தும் எண்ணம் இல்லாதவருக்குப் பாரம் குறைவு. சமணம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. கவனமின்மையால் உயிருக்குத் தீங்கு செய்வதையும் அது இம்சை என்றே வரையறுக்கிறது. கல்வி நிலையத்துக்கு இரண்டும் வேண்டும். தண்டனையை முடிவு செய்யும்போது பௌத்தரின் அளவுகோலையும், பாடம் நடத்தும்போது சமணரின் அளவுகோலையும் எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

படுபவருக்குச் சொல்லப்படும் பொறுமைப் போதனை இதில் மிக மோசமாகக் கையாளப்படும் பகுதி. பொறையுடைமை தமிழில் உயர்ந்த குணம்தான். அது யாருடைய குணம் என்பதே கேள்வி. வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர், தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவரே அடக்கியவர் என்கிறார். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. தண்டிக்கும் பலம் இருக்கும்போது தண்டிக்காமல் விடுவதே மன்னிப்பு என்று காந்தி 1920-ல் எழுதியதும் இதே பொருளில்தான். பதிலடி கொடுக்கும் பலம் இல்லாத பதிமூன்று வயதுச் சிறுமியிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அறப்போதனை ஆகாது. பள்ளி தன் வேலையைத் தட்டிக்கழிக்கிறது, அவ்வளவே.

கல்லூரி ராகிங் விஷயத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டே சட்டம் இயற்றியது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். 1997-ல் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இலங்கையும், பகடிவதை என்று அங்கே சொல்லப்படும் ராகிங்குக்கு எதிராகச் சட்டம் செய்தது. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளித் துன்புறுத்தலின் முகம் பலநேரம் சாதியின் முகம். 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் அவருடைய பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றிவைத்த மாணவர்கள் அதே வண்ணங்களைத் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், வாசலில் செய்யும் சோதனை மட்டும் போதாது.

ஆசிரியரும் கணக்கில் வருகிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வகுப்பில் ஒருவரை 'மக்கு' என்று அழைத்து நாற்பது பேரைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர், பிற்பகலில் இணையத் துன்புறுத்தல் பற்றி நடத்தும் பாடம் எடுபடாது.

கடைசியாக, நடந்துவிட்டபின் என்ன செய்வது? பள்ளிகளின் வழக்கமான தீர்வு, தலைமையாசிரியர் அறையில் ஒரு மன்னிப்புக் கடிதம், இரு பெற்றோர் கையெழுத்து. மனிதருக்கு மனிதர் செய்த பிழையை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவிர்த்தி நாளும் போக்காது என்று யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. சக மனிதரின் உரிமைகளைப் பறித்தவர் அந்த மனிதரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இஸ்லாத்தின் நிலை. இதன்படி பார்த்தால், குழுவில் நடந்த அவமானத்துக்கு மன்னிப்பும் அதே குழுவில் கேட்கப்பட வேண்டும், படுபவர் அதை விரும்பினால் மட்டும். உடனே கைகுலுக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்துவது இரண்டாவது துன்புறுத்தல். சிரித்தவர்களும் அங்கே ஒரு வரி எழுதலாம்.

அந்தரங்கப் படமோ மிரட்டலோ கலந்திருந்தால் இது பள்ளிக்குள் சமரசம் பேசும் விஷயமே இல்லை. குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் அவற்றை எழுதிவைக்க வேண்டும்.