குழந்தையின் மறுப்பும் ஆய்வின் அறமும்

அறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பர். ஆயின், அவ்வறிவு தேடப்படும்பொழுது யாரேனும் ஒருவர் தம் உடலையும் பொழுதையும் பிறர் நலனுக்காக ஈய வேண்டியுள்ளது. வளர்ந்தவர் அதனை அறிந்து ஈதல் கூடும். குழந்தையோ அறிந்து ஈயும் நிலையில் இல்லை. எனவே, தனக்கு உடனடிப் பயன் தராத ஓர் ஆய்வுக்குக் குழந்தையை உட்படுத்துதல் அறமாகுமா என்னும் வினா எழுகின்றது. குழந்தைகளின் மூளையைப் படமாக்கும் ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில், இவ்வினா நூல்களில் மட்டும் நிற்பதன்று. ஆய்வுகூட வாயிலில் நாள்தோறும் விடை வேண்டி நிற்பது. அங்கு அதற்கு விடையிறுப்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர், ஆய்வுதவியாளரே.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக்கருவி எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. உடலுக்குத் தீங்கு மிகக் குறைவு. எனினும், அதன் குகை ஒடுக்கமானது; ஒலி பெரிது. தலை சில மில்லிமீற்றர் அசைந்தாலும் படம் குலையும். ஆதலின் கைக்குழந்தைகளை இயல்பான உறக்கத்தில் படமெடுப்பர். சற்று வளர்ந்த பிள்ளைகளை முதலில் போலிக் கருவி ஒன்றில் படுத்துப் பழகச் செய்வர். தாய்க்கு விளக்குதல், ஒப்பம் பெறுதல், உலோகப் பொருள்களை அகற்றுதல், பிள்ளையின் அச்சத்தைத் தணித்தல் ஆகிய யாவும் உதவியாளரின் பணிகளாம். பிள்ளையை இணங்கச் செய்யும் வல்லமையே அவருடைய திறமையாகக் கருதப்படும். அத்திறமையே அறத்திற்கு இடராவதும் உண்டு.

அவ்வாறாயின் இவ்வாய்வுகளைக் கைவிடுதல் நன்றோ எனின், அன்று. 2016 முதல் 2018 வரை ஏறத்தாழ 11,800 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பேராய்வு ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கிற்று. வறிய நாட்டுக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி நெடுங்காலம் ஆராயப்படவில்லை. காம்பியாவின் கெனெபா என்னும் கிராமத்தில் அகச்சிவப்பொளி கொண்டு செய்த ஆய்வின் முடிவுகள் 2014இலும், உத்தரப் பிரதேசத்துச் சிவகட் பகுதிக் குழந்தைகள் பற்றியவை 2019இலும் வெளிவந்தன. டாக்காவின் மீர்ப்பூர்ச் சேரிக் குழந்தைகளும் பொஸ்ரன் ஆய்வாளர்களால் ஆராயப்பட்டனர். உருளைகளில் தள்ளிச் செல்லத்தக்க, 0.064 டெஸ்லா வலுவுடைய சிறு கருவிகளும் இன்று உள்ளன. ஆதலின் பதுளைக்கோ பசறைக்கோ அப்புத்தளைக்கோ இத்தகைய ஆய்வு வருதல் கற்பனையன்று. வரவேண்டிய காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதிற்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் 17.3 வீதத்தினர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டத்துறையில் அது 31.7 வீதம். இவர்களை அறிவின் எல்லைக்கு வெளியே நிறுத்துதலும் ஓர் அநீதியே.

எனவே, ஆய்வு வேண்டுமா என்பதைவிட, எத்தகைய இசைவின்மீது அது நிற்கவேண்டும் என்பதே உண்மையான வினாவாகும். ஊவாத் தோட்டப்புறத்தில் இதற்குத் தனியொரு கனம் உண்டு. கடன் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்தார் எழுதிக் கொடுத்த ‘துண்டு’, 1921இல் ஒழிக்கப்படும்வரை ஒரு குடும்பத்தின் போக்குவரவையே ஆண்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களைப் பத்திரங்களுக்காக அலையவைத்தது. நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இத்தகைய வரலாற்றையுடைய சமூகத்தில், அதிகாரமுடையோர் நீட்டும் தாள் வினாவாகத் தோன்றுவதில்லை, கட்டளையாகவே தோன்றும். வைத்தியர் ஒருபுறமும் தோட்ட உத்தியோகத்தர் மறுபுறமும் நிற்க, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வந்த தாய் இடும் ஒப்பத்தை இசைவு என்பது எங்ஙனம்? அவள் பேசும் தமிழையே பேசும் உதவியாளர், லயன் அறையிலே பிறந்து பல்கலைக்கழகம் சென்றவராயின், இடர் இன்னும் நுண்ணிதாகும். ‘நம்ம வீட்டுப் பிள்ளை கேட்கிறது’ என்று அத்தாய் இணங்குவாள். அவள் இணங்குவது ஆய்வுக்கன்று, உறவுக்கு. உறவைக் காட்டிப் பெற்ற இசைவு, அச்சத்தைக் காட்டிப் பெற்றதினும் இனிது. சுதந்திரத்தில் இரண்டும் ஒன்றே.

கூலியும் இதிற் கலந்துள்ளது. பிள்ளையுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் தாய்க்கு அன்று ‘பேர்’ இல்லை. நேரங்கழித்து மலைக்குச் சென்றால் ‘அரைப்பேர்’ கிடைத்தல் கூடும். ஈடு செய்யாது விடின் அவள் வறுமையின் செலவில் அறிவு வளரும்; மிகுதியாகக் கொடுப்பின் அது தூண்டில் இரையாகும். இழந்த நாட்கூலியைப் படமெடுக்குமுன் கையிற் கொடுத்து, பிள்ளை பாதியில் எழுந்துவிடினும் அது திருப்பிப் பெறப்படாது எனக் கூறுதலே நேர்மை.

தாயின் இசைவுக்கு அப்பாற் குழந்தையின் விருப்பமும் உண்டு. 1964இல் தோன்றி 2024இல் மீண்டும் திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், தானே இசைவளிக்கும் தகுதியற்றவரின் மறுப்பையும் மதிக்கவேண்டும் என்கின்றது. ஆயின் சிறு பிள்ளை ‘மாட்டேன்’ என வாய்விட்டுக் கூறுவதில்லை. முகத்தைத் திருப்பும், தாயின் சேலையைப் பற்றும், வாளாவிருக்கும். பெரியோர் முன் பேசாதிருத்தலே பணிவு எனப் பயின்ற பிள்ளையின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளல் எளிது, அது பிழையுமாகும். மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளாதே எனக் கான்ற் வகுத்த நெறி, இங்கு ஓர் உதவியாளர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பார்வையிலே செயற்படுகின்றது.

இதற்கு வலியதொரு தடை கூறுவர். அஞ்சும் பிள்ளைகளை எல்லாம் விட்டுவிடின், அஞ்சாதோரின் மூளைகளே அறிவாகும். யாருக்காக ஆய்வு தொடங்கிற்றோ அவர்களே அதில் இடம்பெறார் என்பர். இத்தடை மெய்யானது. பொறுமையும் பன்முறைப் பழக்கமும் அவ்விழப்பைக் குறைக்கலாம், முற்றாக நீக்கா. எஞ்சும் இழப்பை யார் ஏற்பது என்பதே முடிவான வினா. அதனை ஆய்வு ஏற்கவேண்டும், குழந்தை ஏற்றலாகாது. குறைபட்ட தரவைக் குறைபட்டது எனக் கூறி வெளியிடுதல் அறிவியலுக்கு இழுக்கன்று.

மறுக்க இயலாதவரின் இசைவுக்குப் பொருளில்லை. ஆதலின் உதவியாளர் பெற்றுத்தந்த படங்களின் தொகையை மட்டும் கொண்டு அவரை மதித்தல் போதாது. கருவி ஆயத்தமாயிருக்க, நேரமும் ஒதுக்கப்பட்டிருக்க, ஒரு பிள்ளையின் கண்களில் மறுப்பைக் கண்டு, ‘இன்று வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்’ என்று கதவைத் திறந்துவிடும் உதவியாளரும் ஆய்வுக்குத் தொண்டே செய்கின்றார். அவ்வாறு திறக்கத்தக்க கதவு உள்ள இடத்திலேதான், உள்ளே நுழையும் ஏனைய பிள்ளைகளின் இசைவும் இசைவாகின்றது.