சங்கிலியும் அமானிதமும்



வியாபாரிகளாகிய நமக்கு அமானிதம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒருவர் ஒப்படைத்த பொருளைப் பத்திரமாகப் பூட்டி வைக்கலாம். பூட்டி வைத்ததனால் அது நம்முடையதாகிவிடாது. கேட்ட நாளில் பழுதில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். புத்தி பேதலித்த மனிதரும் குடும்பத்தார் கையில் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதமே. அவரைக் கட்டி வைக்கலாமா? அறையில் அடைக்கலாமா? எதற்காக, எவ்வளவு நேரம்? இதைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

புத்தி தவறியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. அவர் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லாது. அவருடைய பொருளைக் காப்பாளர் பார்த்துக்கொள்வார். கிதாபுகளில் இதற்கு ஹஜ்ர் என்று பெயர். ஆகவே தடுத்து வைப்பது மார்க்கத்தில் இல்லாத விஷயமல்ல. ஆனால் அது அவருடைய நன்மைக்காக மட்டுமே. நிஸா சூராவின் ஆரம்பத்தைப் பாருங்கள். விவரமறியாதவர் கையில் பொருளை விடவேண்டாம் என்ற அதே இடத்தில், அவருக்கு உண்ணவும் உடுக்கவும் கொடுப்பதும், இதமாகப் பேசுவதும் கட்டளையாக வருகின்றன. கையைத் தடுக்கலாம், சோற்றையும் துணியையும் நல்ல சொல்லையும் தடுக்க நமக்கு உரிமையில்லை.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதை நம் ராமநாதபுரம் சீமையே பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலி இருந்ததனால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். அவர்களும் யாரோ ஒருவருடைய தாயார், தகப்பனார், பிள்ளைகள்தாம். குணமாகட்டும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த விஷயத்தை விசாரித்தது. பிறகு வந்த 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. தனியே அடைத்து வைப்பதையும் தடுக்கிறது. அவருக்கோ பிறருக்கோ உடனே ஆபத்து நேரும், வேறு வழியே இல்லை என்றால்தான் உடம்பைப் பிடித்துக் கட்டலாம். அதற்கும் மனநல டாக்டரின் அனுமதி வேண்டும். ஆபத்து நீங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். கட்டியிருக்கும் நேரமெல்லாம் ஆள் இருந்து கவனிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றவில்லை என்றும் கட்டக் கூடாது. ஏன் கட்டினோம், எப்படி, எவ்வளவு நேரம் என்பதை எழுதி வைத்து, நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். எழுதாத செலவில்தான் மோசடி நுழையும். எழுதாத கட்டில்தான் கொடுமை நுழையும்.

இந்நாட்டில் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், 2010ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன. நோயாளி சம்மதிக்காதபோது, உறவினர் மனுக் கொடுத்து, டாக்டர் நேரில் பார்த்துச் சிபாரிசு செய்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வழியுண்டு. 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயரைச் சொல்லிப் பிறரைக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் கேலிக்குப் பயந்துதான் பல வீட்டார் நோயாளியை மாடியறையில் பூட்டுகிறார்கள். நம் அலோர் ஸ்டாரிலேயே சுல்தானா பஹியா ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறதே!

"ஓதிப் பார்த்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ஓதுங்கள், துவாச் செய்யுங்கள். மருந்தைத் தேடுவதும் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழிதானே. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டி முடித்த மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. ஏர்வாடி தர்காவிலேயே பிற்காலத்தில் துவாவோடு தவாவும் என்று டாக்டர் வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டாயிற்று.

சகோதரர்களே! வீட்டில் ஒருவருக்கு மூர்க்கம் வந்தால் கத்தி, கத்தரிக்கோலை அப்புறப்படுத்துங்கள். கூட்டம் கூடாமல், அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசட்டும். ஆபத்து மிஞ்சினால் 999க்குச் சொல்லுங்கள். ஊரில் ஏதாவது காப்பகத்தில் உறவினரை விட்டிருப்போர் மாதப் பணம் அனுப்புவதோடு நிற்க வேண்டாம். ஊர் போகும்போது நேரில் போய்ப் பாருங்கள். கைகால்களைப் பாருங்கள். கதவுக்கு வெளியே பூட்டு உண்டா, இரவில் தீப்பிடித்தால் யார் திறப்பார் என்று கேளுங்கள். எந்த டாக்டர் பார்க்கிறார், என்ன மருந்து என்றும் கேளுங்கள். சரக்கு வந்தால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்கிறோமா?

அமானிதத்தைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். அன்று பணம் அனுப்பிய ரசீது மட்டும் போதாது.

யா அல்லாஹ்! புத்தி கலங்கித் தவிப்போருக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்குப் பொறுமையையும் இரக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.